குகையைப் பூட்டினார்கள், வௌவால் பறந்தது: வட அமெரிக்காவின் வெண்மூக்கு நோய் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2006 பிப்ரவரியில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹோவ் குகைக்குள் போன ஒருவர் கூரையில் தொங்கிய வௌவால்களைப் படம் எடுத்தார். சிலவற்றின் மூக்கைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, மாவுப் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டு எடுத்த மாதிரி. அந்தப் படத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் ஆல்பனி நகரைச் சுற்றியுள்ள குகைகளுக்குப் போன மாநிலச் சுற்றுச்சூழல் துறையினர், வௌவால்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். வெளியே பட்டப்பகலில், தின்ன ஒரு பூச்சிகூட இல்லாத பனிவெளியில், வௌவால்கள் பறந்துகொண்டிருந்தன. பழைய படத்துக்கு அப்போதுதான் அர்த்தம் கிடைத்தது.

அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த நோயைக் கட்டுப்படுத்த என்னென்ன செய்தார்கள், அதில் எது எடுபட்டது, எது வீண் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பத்து ஆண்டுகளில் பெரும்பகுதி பூஞ்சையைத் துரத்துவதிலேயே போனது. செத்துக்கொண்டிருந்த வௌவாலின் வயிற்றுக் கணக்கை யோசிக்கத் தொடங்கியது தாமதமாகத்தான்.

பூஞ்சை எப்படிக் கொல்கிறது

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் உள்ள தேசிய வனவிலங்கு நல மையத்தில் டேவிட் பிளெஹர்ட் குழுவினர் இந்தப் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். 2009இல் பெயர் வைத்தார்கள். 2013இல் அதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். இப்போதைய பெயர் சூடோஜிம்னோஆஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ். வாயில் நுழையாது என்பதால் பூஞ்சை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இது குளிர் விரும்பி. 12.5 முதல் 15.8 டிகிரி செல்சியஸுக்குள் நன்றாக வளரும், 20 டிகிரியை நெருங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். பாலூட்டிகளின் உடம்புச் சூட்டில் இதனால் பிழைக்கவே முடியாது. நம்மூர்க் கோயில் மண்டபத்துப் புழுக்கத்தில் தொங்கும் வௌவாலிடம் இதற்கு வேலை இல்லை. அது மாதக்கணக்கில் உறங்குவதும் இல்லை, அங்கே அந்தக் குளிரும் இல்லை. ஆனால் வட அமெரிக்கக் குகைகளில் ஆறு மாதம் உறங்கும் வௌவாலின் உடம்பு, குகையின் குளிருக்கே இறங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பும் அப்போது ஏறக்குறைய படுத்துவிடும். பூஞ்சைக்கு இதைவிட வசதியான இடம் வேறு கிடையாது.

சிறு பழுப்பு வௌவாலை எடுத்துக்கொள்வோம். இலையுதிர்காலத்தில் நன்றாகத் தின்று கொழுத்த நிலையிலும் அதன் எடை நம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதில் சேர்த்து வைத்த கொழுப்பு இரண்டு, இரண்டரை கிராம் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டுதான் அது அடுத்த வசந்தம் வரை ஓட்ட வேண்டும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கும் இதயம், உறக்கத்தில் இருபது முப்பதுக்கு இறங்கிவிடும். ஆனால் ஒரேயடியாகத் தூங்கிவிடவும் முடியாது. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விழித்து, உடம்பைச் சூடாக்கி, சுவரில் வழியும் நீரைக் குடித்து, மறுபடி தலைகீழாகத் தொங்கும். விழித்திருப்பது சில மணி நேரம்தான் என்றாலும் குளிர்காலச் செலவில் பெரும்பங்கு அந்த விழிப்புகளுக்கே போகிறது. சேமிப்புக் கணக்கில் எடுக்கும் பணம் மாதிரி, இத்தனை முறைதான் எடுக்கலாம்.

பூஞ்சை மூக்கில் கண்ணுக்குத் தெரிந்தாலும் நிஜமான நாசம் இறக்கையில்தான். அந்த மெல்லிய தோல் பறப்பதற்கு மட்டும் உள்ளதில்லை. உடம்பின் நீரையும் உப்பையும் சமநிலையில் வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பூஞ்சை அதைத் தின்று உள்ளே இறங்கும்போது நீர் வறள்கிறது, உப்புச் சமநிலை கெடுகிறது, வௌவால் அடிக்கடி விழிக்கிறது. நோயுற்ற வௌவால்களின் உறக்க இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை உடலில் ஒட்டிய வெப்பநிலைக் கருவிகள் காட்டின. விளைவாக ஜனவரி, பிப்ரவரியிலேயே கொழுப்பு தீர்ந்துவிடுகிறது. வெளியே இன்னும் பனி. தின்ன ஏதாவது கிடைக்குமா என்று பறந்து பார்த்துவிட்டு விழுகிறது. ஆக, பூஞ்சையின் கையால் நடந்தாலும் இது பட்டினிச் சாவு. இந்த ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்த பல முடிவுகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சேதம் எவ்வளவு? நியூஜெர்சியின் ஹைபர்னியா சுரங்கத்தில் சுமார் 30,000 வௌவால்கள் குளிர்காலத்தைக் கழித்து வந்தன. சில ஆண்டுகளில் அது சில நூறாகிவிட்டது. வெர்மான்ட்டின் ஈயோலஸ் குகை நியூ இங்கிலாந்துப் பகுதியின் மிகப் பெரிய வௌவால் குகை. அதன் வாசலும் தரையும் 2008 முதல் சடலங்களால் நிறைந்தன. 2012 ஜனவரியில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை சொன்ன மதிப்பீடு: 57 லட்சம் முதல் 67 லட்சம் வௌவால்கள் இறந்திருக்கலாம். 2021இல் வெளியான பெரிய ஆய்வின்படி, வடக்கு நீள்காது வௌவால், சிறு பழுப்பு வௌவால், முந்நிற வௌவால் ஆகிய மூன்று இனங்களும் பத்தாண்டுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோயின. எலியைப் போலக் குட்டி போட்டுத் தள்ளும் பிராணியாக இருந்தால் மீண்டுவிடும் என்று சும்மா இருக்கலாம். சிறு பழுப்பு வௌவால் முப்பது ஆண்டுகூட வாழும், ஆனால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான்.

முதல் முடிவு: குகையை மூடு

ஐரோப்பாவிலும் இதே பூஞ்சை இருந்தது. ஆனால் அங்கே வௌவால்கள் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை. நீண்ட காலப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். 2011இல் நடந்த ஆய்வகச் சோதனை, நோய்க்குக் காரணம் இந்தப் பூஞ்சைதான் என்று உறுதிசெய்தது. ஐரோப்பியப் பூஞ்சையை வட அமெரிக்க வௌவால் மேல் வைத்தாலும் நோய் வருகிறது என்று 2012இல் இன்னொரு சோதனை காட்டியது. அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறக்கும் வௌவால் கிடையாது. அப்படியானால் யாருடைய பூட்ஸிலோ கயிற்றிலோ பையிலோ ஒட்டிய சேறுதான் கடல் கடந்திருக்க வேண்டும். நோய் முதலில் கண்ணில் பட்ட ஹோவ் குகை சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் குகை என்பதும் இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது.

இந்த நியாயத்தின் மேல்தான் 2009இல் முதல் நடவடிக்கைகள் வந்தன. பாதித்த மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய மாநிலங்களிலும் குகைகளுக்குள் போக வேண்டாம் என்று மத்திய அரசுத் துறை கேட்டுக்கொண்டது. கிழக்கிலும் தெற்கிலும் தேசிய வனங்களுக்குள் இருந்த குகைகளும் பழைய சுரங்கங்களும் மூடப்பட்டன. உள்ளே போகவேண்டிய ஆய்வாளர்களுக்குக் கழுவும் விதிகள் வந்தன. சேற்றைத் தேய்த்து எடு, 55 டிகிரி சூட்டு நீரில் குறைந்தது 20 நிமிடம் முக்கி வை, ஓரிடத்தில் போட்ட உடையை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகாதே. இதில் அந்த 55 டிகிரி முக்கியம். கை பொறுக்கும் வெந்நீர் போதாது. கயிறும் இடுப்புப் பட்டையும் அந்தச் சூட்டில் பலம் இழக்குமா என்று குகை ஏறுபவர்கள் கேட்டது நியாயமான கேள்வி, உயிரைத் தாங்குவது அந்தக் கயிறுதானே.

குகை ஆர்வலர்களுக்குக் கோபம் இருந்தது. வரைபடம் போடுவது, எங்கே எந்த வௌவால் தொங்குகிறது என்று சொல்வது, குப்பை அள்ளுவது என்று குகைகளுக்குக் காவலாக இருந்தவர்கள் அவர்கள். திடீரென்று நோய் பரப்புபவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். சில இடங்களில் வாசலில் இரும்புக் கதவு வந்தது. வௌவாலுக்காகவே செய்யும் கதவு அது: குறுக்காகப் போகும் கம்பிகள், இடையில் ஒரு சாண்கூட இல்லாத சந்து. மனிதன் நுழைய முடியாது, வௌவால் இறக்கையை ஒடுக்கிச் சுலபமாகப் போய்வரும். இந்த முடிவின் பலமும் பலவீனமும் அந்தச் சந்திலேயே தெரிகிறது. இலையுதிர்காலத்தில் வெவ்வேறு இடத்து வௌவால்கள் குகை வாசல்களில் கூட்டமாகச் சேர்ந்து இணை தேடும். பல குகைகளுக்குப் போய்வரும். பூஞ்சையும் கூடவே போகும். நோய்ப் பரவல் வரைபடத்தை ஆண்டுவாரியாகப் பார்த்தால், வௌவால்கள் இடம்பெயரும் தூரத்துக்கேற்ப அது ஒட்டி ஒட்டி நகர்வது தெரியும்.

அதற்காக மூடியது முட்டாள்தனம் என்று சொல்ல நான் தயாரில்லை. 2016 மார்ச்சில் மேற்குக் கடற்கரையோரம், வாஷிங்டன் மாநிலத்தின் நார்த் பெண்ட் ஊர்ப்பக்கம் மலையேறப் போனவர்கள் ஒரு சிறு பழுப்பு வௌவாலைக் கண்டெடுத்தார்கள். இரண்டு நாளில் அது இறந்தது. வெண்மூக்கு நோய்தான். அதுவரை நோய் தெரிந்திருந்த மேற்கு எல்லையிலிருந்து அந்த இடம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். வௌவால் ஒட்டி ஒட்டிப் போவது ஒரு வழி, இப்படித் தாவுவது இன்னொரு வழி. பக்கத்துக் குகைக்குப் போவதைத் தடுக்கப் பூட்டால் முடியாது; கண்டம் தாண்டும் தாவலைத் தடுப்பதில்தான் கழுவும் விதிக்கு மதிப்பு. இந்த வித்தியாசத்தை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் ஆர்வலர்களோடு அவ்வளவு சண்டை வந்திருக்காது.

பூட்டவே முடியாத இடங்களும் இருந்தன. கென்டக்கியின் மாமத் குகைத் தேசியப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். 2013இல் பூங்காவுக்குள் நோய் உறுதியானது. சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும் எல்லோரும் கிருமிநீக்க நுரை நனைத்த பாய்களின் மேல் நடந்துதான் போக வேண்டும். பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. மக்களைத் துரத்தாமல், ஏன் நடக்கச் சொல்கிறோம் என்று நின்று விளக்க ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது.

சொதப்பியவை

நோயுற்ற கூட்டங்களைக் கொன்றுவிட்டால் பரவாது என்றும் ஒரு யோசனை வந்தது. கோழிப் பண்ணையில் செய்வது போல. 2011இல் வெளியான கணித மாதிரி அது பலிக்காது என்று காட்டியது. வௌவால்கள் கலந்து பழகும் விதமும், பூஞ்சை குகைச் சேற்றில் வௌவால் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடப்பதும் அதற்குக் காரணம். நல்ல வேளை, கணிதத்தோடு நின்றது.

2009இல் வர்ஜீனியா பெருங்காது வௌவால் என்ற அரிய இனத்திலிருந்து 40 வௌவால்களைப் பிடித்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வளாகத்தில் வளர்க்கப் பார்த்தார்கள், காட்டில் அழிந்தாலும் ஒரு கூட்டம் மிஞ்சட்டும் என்று. சில மாதங்களில் பெரும்பாலானவை இறந்துவிட்டன. பறந்தபடியே பூச்சி பிடிக்கும் பிராணிக்குத் தட்டில் புழு வைத்துப் பழக்குவது எளிதில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த இனத்தை வெண்மூக்கு நோய் ஏறக்குறைய தொடவே இல்லை. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது, அதனால் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

டென்னசியில் 2012இல் கான்கிரீட்டில் ஒரு செயற்கைக் குகையே கட்டினார்கள். கோடையில் வௌவால்கள் வெளியே போனதும் உள்ளே கழுவிச் சுத்தம் செய்துவிடலாம், இயற்கைக் குகையில் அப்படிச் செய்ய முடியாதே என்ற யோசனை. யோசனை நல்லதுதான். எதிர்பார்த்த கூட்டம்தான் குடிவரவில்லை.

மருந்து தேடல்

மருந்து என்றதும் குகை முழுக்கப் பூஞ்சைக்கொல்லி அடிக்கலாமே என்று தோன்றும். குகைக்குள் வேறு பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும், வேறெங்கும் இல்லாத கண்ணற்ற பூச்சிகளும் இருக்கின்றன. அந்த நீர்தான் பல ஊர்களின் நிலத்தடி நீருக்கும் போகிறது. அதனால் வௌவாலுக்கு மட்டும், அல்லது மனிதர் தோண்டிய பழைய சுரங்கத்துக்கு மட்டும் என்று சோதனைகளைச் சுருக்க வேண்டியிருந்தது.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், வாழைப்பழம் சீக்கிரம் பழுத்துவிடாமல் தடுக்கப் பயன்படுமா என்று ஒரு மண் பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். அது விடும் வாயுவில் பழத்தின் மேல் பூஞ்சணமும் வரவில்லை. அங்கிருந்து யோசனை வௌவாலுக்குத் தாவியது. அப்படிச் சிகிச்சை பெற்றுப் பிழைத்த பல டஜன் வௌவால்களை 2015 மே மாதம் மிசௌரியின் ஹானிபல் நகரில் உள்ள மார்க் ட்வைன் குகை வாசலில் பறக்கவிட்டார்கள். இன்னொரு குழு, சில வௌவால்களின் தோலிலேயே வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை விஸ்கான்சினில் ஒரு பழைய சுரங்கத்து வௌவால்களுக்குப் பூசிப் பார்த்தது. பூசாத வௌவால்களில் குளிர்காலத்தைத் தாண்டியவை 8 சதவீதம், பூசியவற்றில் 46 சதவீதம். 2019இல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் ஒவ்வொரு வௌவாலையும் கையில் பிடித்துத்தான் பூச வேண்டும். ஒரு கண்டத்தையே எப்படிக் கையில் பிடிப்பது?

புற ஊதா ஒளி விஷயம் சுவையானது. இந்தப் பூஞ்சை இருட்டிலேயே காலங்காலமாக இருந்ததால், புற ஊதா ஒளியில் சேதமாகும் மரபணுவைச் சரிசெய்யும் நொதி ஒன்றை இழந்துவிட்டது. கொஞ்சம் ஒளி பட்டாலே செத்துவிடுகிறது என்று 2018இல் தெரியவந்தது. வேறு அலைநீளத்தில் அதே புற ஊதா விளக்கு இன்னொரு வேலைக்கும் உதவுகிறது. இருட்டில் வௌவாலின் இறக்கையை மெல்ல விரித்து, பின்னாலிருந்து விளக்கைக் காட்டினால் நோய் அரித்த இடங்கள் ஆரஞ்சு மஞ்சள் புள்ளிகளாக மின்னும். வெறும் கண்ணுக்கு நன்றாக இருக்கும் இறக்கைகூட விளக்கில் புள்ளி புள்ளியாகத் தெரியும். முன்பெல்லாம் உறுதிப்படுத்த வௌவாலைக் கொன்று ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இப்போது மின்னும் புள்ளியில் மட்டும் ஊசிமுனையளவு தோல் எடுத்தால் போதும், வௌவால் பறந்துவிடும். தடுப்பூசியும் சோதனையில் இருக்கிறது. அதைத் தனித்தனியாக ஊசி போடாமல் வாய்வழியாகக் கொடுக்கும் வழி கைகூடினால் பெரிய விஷயம்.

கொழுப்பும் குளிரும்

எனக்கு மிகவும் சரியாகப் படுவது கடைசியாக வந்த இரண்டு முயற்சிகள். இரண்டுமே பூஞ்சையைக் கொல்ல முனையவில்லை.

நோய் கடந்த இடங்களில் பிழைத்திருந்த சிறு பழுப்பு வௌவால்களை ஆராய்ந்தபோது, குளிர்காலத் தொடக்கத்தில் அவற்றின் உடம்பில் கொழுப்பு, நோய் வருமுன் அதே இடங்களில் இருந்தவற்றைவிடக் கூடுதலாக இருந்தது தெரிந்தது. சேமிப்பு அதிகமுள்ளவன் நான்கு முறை கூடுதலாக எடுத்தாலும் தாங்குகிறான், அவ்வளவுதான். இதிலிருந்து பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் வினிஃபிரெட் ஃபிரிக் குழுவினர் மிச்சிகனின் வட பகுதியில் ஒரு சோதனை தொடங்கினார்கள். இலையுதிர்காலத்தில் உறங்கும் இடத்துக்கு அருகே பூச்சிகளை இழுக்கும் விளக்குகளை வைத்தார்கள். பூச்சி விளக்குக்கு வரும், வௌவால் பூச்சிக்கு வரும், அலையாமல் வயிறு நிறையும். உள்ளே தூங்கும் வௌவாலை எழுப்பாமல் செய்கிற உதவி இது. எழுப்புவதே அதற்குச் செலவு என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது குளிர். பென்சில்வேனியாவில் கிரெக் டர்னர் உள்ளிட்ட மாநில உயிரியலாளர்கள் சில பழைய சுரங்கங்களில் காற்றோட்டத்தை மாற்றி, வெளிக்குளிர் உள்ளே போகும்படி செய்தார்கள். பூஞ்சைக்குச் சுகமான 12, 15 டிகிரியிலிருந்து உறைநிலைக்குச் சற்று மேலே இறக்கினால் பூஞ்சையின் வளர்ச்சி மந்தமாகும். வௌவாலுக்கும் உறக்கச் செலவு குறையும். பிழைத்த வௌவால்கள் முன்பைவிடக் குளிர்ந்த மூலைகளில் தொங்குவதை அவர்கள் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். வௌவால் தானே தேடிப் போன இடத்தை மனிதர் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் எண்ணிக்கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடவில்லை. கனடா 2014இல் மூன்று இனங்களை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கா வடக்கு நீள்காது வௌவாலை 2015இல் அதற்கு ஒரு படி கீழான பட்டியலில் வைத்து, 2022இல்தான் அழிவாபத்து நிலைக்கு உயர்த்தியது. ஏழு ஆண்டுகள். அந்த இனத்தின் வீழ்ச்சி வேகத்துக்கு அது நீண்ட காலம்.

வௌவால் போனதன் செலவு வயலில் விழுந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயால் ஃபிராங்க் 2024இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, நோய் வந்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைச் சுமார் 31 சதவீதம் கூட்டினார்கள். அதே மாவட்டங்களில் சிசு மரணம் சுமார் 8 சதவீதம் அதிகரித்தது. குகைக்கு ஒதுக்கும் பணம் வீண் என்று பேசியவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு இது.

இன்னொன்று இருக்கிறது

2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கதையில் புது முடிச்சைப் போட்டது. பல நாடுகளிலிருந்து திரட்டிய ஆயிரக்கணக்கான மாதிரிகளைப் பார்த்ததில், இத்தனை நாள் ஒரே பூஞ்சை என்று நினைத்தது இரண்டு இனங்கள் என்று தெரிந்தது. வட அமெரிக்காவுக்கு வந்தது ஒன்று மட்டுமே, அதன் மூலம் உக்ரைனின் பொடிலியா பகுதிக் குகைகளை நோக்கிக் காட்டுகிறது. இரண்டு பூஞ்சைகளும் வெவ்வேறு வௌவால் இனங்களை விரும்புகின்றன. ஆக, முதல் பூஞ்சையிடம் தப்பித்த அமெரிக்க வௌவால்களை இரண்டாவது பிடிக்கலாம்.

எனவே பூட்டைப் பற்றி என்ன நினைத்தாலும் 55 டிகிரி வெந்நீரை விட்டுவிட முடியாது. ஐரோப்பியக் குகைக்குப் போட்ட பூட்ஸை அமெரிக்கக் குகைக்குக் கொண்டுபோகாமல் அங்கே புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. ஒரு ஜோடி பூட்ஸின் விலைதான் செலவு.